கண்கொத்தின்னு சொன்னவ

வளப்பூர் பஸ்ஸுல இன்னைக்கு எனக்கு ஜன்னலோர சீட்டு கெடச்சதுங்க மேடம். சந்தை நாளா இருந்தா நிக்கக்கூட எடம் இருக்காது. கண்டக்டர் தம்பி, "என்ன பெருமாயக்கா, காலங்காத்தால செம்மேட்டுக்கு? தாலுக்கா ஆபீஸா?"ன்னு கேட்டான். "இல்ல சாமி, போலீஸ் ஸ்டேஷனுக்கு"ன்னேன். பஸ்ஸுல பாதிப் பேரு சிரிச்சாங்க. நான் எப்பவும் இப்படி எதையாவது சொல்லிட்டு இருக்கறவதானே, டிக்கெட்டைக் கையில குடுத்துட்டு அவன் முன்னாடி போயிட்டான்.

ஏட்டையா, நீங்க எழுதறதுக்குத் தோதா மெதுவாவே சொல்றேன். பேரு பெருமாயி, சென்றாயன் சம்சாரம். அவரு போய்ச் சேந்து ஆறு வருசம் ஆச்சு. வயசு ஆதார்ல அம்பத்தெட்டுன்னு இருக்குது, அதையே போட்டுக்குங்க. தொழில்ங்கற எடத்துல மட்டும் கூலின்னு எழுதிடாதீங்க. நான் மிளகுக் காட்டுல பாம்பு பாத்துச் சொல்றவ. அப்படியே எழுதுங்க.

பதினோரு நாளைக்கு முந்தி எங்க ஊரு ரமேஷ்குமார் மிளகு பறிக்கையில மரத்துல இருந்து விழுந்து செத்தான். மேடம், நீங்களே வந்து பாத்தீங்க. பாம்பு கடிச்சு, பயந்து, கை தவறி விழுந்துட்டான்னு எழுதிட்டுப் போனீங்க. கீழ நின்ன பெருமாயிக்குக் கண்ணு சரியாத் தெரியல, விரியனைக் கண்கொத்தின்னு மாத்திச் சொல்லிட்டாள்னு ஊரே சொல்லுச்சு, அதையும் எழுதிக்கிட்டீங்க. அதுல ஒரு தப்பு இருக்குது. அதைத் திருத்திட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.

நீங்க அடிவாரத்துப் பொண்ணுன்னு சொன்னீங்க. அதனால எங்க வேலையக் கொஞ்சம் சொன்னாத்தான் புரியும். எங்க மலையில மிளகுக் கொடியை சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்டுடுவோம். அது பாட்டுக்கு முப்பது அடி, நாப்பது அடின்னு போயிடும். தை மாசியில பறிப்பு. ஒத்தை மூங்கிலை மரத்துல சாத்தி, கணுவுல விட்டு வெச்ச குச்சியில கட்டைவெரலை ஊணி ஏறுவாங்க. ஒரு கை மூங்கிலைப் புடிச்சுக்கும், ஒரு கை மிளகு பறிக்கும். முதுகுல சாக்குப் பை. இதுக்கு நடுவுல கொடிக்குள்ள என்ன கெடக்குதுன்னு பாக்க அவங்களுக்கு ஏது கண்ணு? அதுக்குத்தான் கீழ நான் நிப்பேன். அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கறதுதான் எனக்கு வேலை. சாயங்காலம் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான்.

கண்கொத்தி பச்சையா இருக்கும், உசுரெடுக்கற வெசம் கெடையாது. மூங்கில் விரியனும் பச்சைதான், அதுக்கு வெசம் உண்டு. மிளகு எலையும் பச்சை. கீழ இருந்து பாத்தா ரெண்டு பாம்புக்கும் வயிறு ஒரே மாதிரி வெளுத்த பச்சையா இருக்கும். ஆனா கண்கொத்திக்குக் கழுத்துன்னு தனியா ஒண்ணும் கெடையாது, தலையும் ஒடம்பும் ஒரே கோடாப் போகும், மூஞ்சி கூரா நீண்டிருக்கும். விரியனுக்குத் தலை வெத்தலை மாதிரி அகலம், கழுத்து சின்னது, ஒடம்பு தடிமன். கண்கொத்தி காத்தே இல்லைன்னாலும் காத்தடிக்கற மாதிரி ஆடிக்கிட்டு நிக்கும். விரியன் ஆடாது. ஒரு எடத்தைப் புடிச்சா நாலு நாளு, ஒரு வாரம்னு அங்கயே சுருண்டு கெடக்கும். தவளை தானா வாய்க்கு வரட்டும்னு இருக்கற சோம்பேறி அது. கொம்பேறி மூக்கன் வேற நெறம், பழுப்பு. அதைப் பாக்கறதுக்கு நான் வேண்டியதில்லை, யாருக்கும் தெரியும்.

போன வருசம் யாரோ ஒரு சாரு வந்து ஊர் மண்டபத்துல பாம்பைப் பத்திப் பயிற்சி குடுத்தாரு. நல்ல மனுசன், வடை டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு. ஒரு அட்டையில பதினெட்டுப் பாம்புப் படம் போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. எல்லாப் படமும் வெள்ளைப் பேப்பர் மேல. வெள்ளைப் பேப்பர் மேல எந்தப் பாம்புதான் தெரியாது? பச்சைக்குள்ள கெடக்கற பச்சையைக் காட்டுங்க சாருன்னு கேட்டேன். அவரும் சிரிச்சுட்டாரு. அந்த அட்டைய நெசமா மனப்பாடம் பண்ணினது எங்க ஊருல ஒரே ஆளுதான், ரமேஷ்குமார் பொண்டாட்டி கலைமணி.

இப்பத்தான் முக்கியமானதைச் சொல்றேன், ஏட்டையா கவனமா எழுதுங்க. நான் கீழ இருந்து கதை சொல்லிட்டு இருக்க மாட்டேன். ஒரே சொல்லுதான். "விரியன்"னா மேல இருக்கறவன் கையை எடுத்துட்டு, வாய் பேசாம எறங்கிடணும். அன்னைக்கு அந்த மரத்தை விட்டுடுவோம். "கொம்பேறி"ன்னா அசையாம நிக்கணும், அடிக்கக் கூடாது. அடிச்சா அது நம்மளைக் கடிச்சுட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி நம்ம பொகையப் பாத்துட்டுத்தான் போகும்பாங்க. நானும் எத்தனையோ சாவுக்கு அண்ணாந்து பாத்துட்டேன், ஒண்ணையும் காணோம்.

"கண்கொத்தி"ன்னு சொன்னா மூஞ்சியக் குனிஞ்சு, தலைத்துண்டைக் கண்ணு மேல இழுத்து விட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, கையால கொடியப் புடிச்சு நல்லா ஆட்டணும். பாம்பு நழுவி ஓடிடும். அப்புறம் துண்டை ஏத்திக்கிட்டு மறுபடி பறிக்கலாம். அது நெசமாவே கண்ணைக் கொத்துமான்னு கேக்காதீங்க. முப்பத்தொரு வருசத்துல ஒரு கண்ணு போனதை நான் பாத்ததில்லை. கொத்தாதுன்னு அந்த சாரும் சொன்னாரு. ஆனா மூடுவாங்க. எங்கப்பன் மூடினாரு, எங்க ஊட்டுக்காரரு மூடினாரு, நான் மேல ஏறினா நானும் மூடுவேன். மூஞ்சிக்கு நேரா அது தலையை நீட்டிக்கிட்டு வந்து நின்னா நீங்களும் மூடுவீங்க மேடம்.

அப்ப பாத்துக்குங்க. முப்பது அடி மேல நிக்கற ஆளோட கையும் கண்ணும் என் வாயில இருக்குது. மொதப் பறிப்பன்னைக்கு எந்தத் தோட்டத்துலயும் மொதப் புடி மிளகை என் மடியிலதான் போடுவாங்க. தோட்டக்காரருக்கு அப்புறந்தான். "பெருமாயி பாத்துட்டாளா?"ன்னு கேக்காம ஒருத்தன் மூங்கில்ல கால் வெக்க மாட்டான். எங்க மலையிலயே தள்ளி இருக்கற குண்டூர் நாட்டுல இருந்துகூட வந்து கூட்டிட்டுப் போவாங்க. எந்த மரத்துல யாரு ஏறணும்னு சொல்றதும் நாந்தான். எனக்குப் புள்ளைகுட்டி இல்லை, காடு கரையும் பெருசா இல்லை. இது ஒண்ணுதான் இருந்துச்சு. எனக்கு இது போதும்னு நல்லா சந்தோசமாத்தான் இருந்தேன்.

பூபதி விசயத்துக்கு வாரேன். போன மாசி. பூபதின்னா எங்க பறிப்பு ஆளுங்கள்ல ஒருத்தன், கல்யாணம் ஆகாத பையன். மேல நின்னான், நான் "கண்கொத்தி"ன்னேன், அவன் துண்டை இழுத்துக் கண்ணை மூடி, கொடியப் புடிச்சு ஆட்டினான். கடிச்சது விரியன். எப்படியோ மூங்கிலைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே எறங்கிட்டான். கை தோள் வரைக்கும் வீங்கிப் போச்சு. மலை ரோட்டுல எழுபது வளைவும் எறங்கிக் கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. உசுரு பொழச்சான். சோத்துக் கையில ரெண்டு வெரலு மடங்கினது மடங்கினபடியே நின்னு போச்சு, இப்ப மூங்கில் ஏற முடியாது. குச்சிக்கிழங்கு லாரியில லோடு ஏத்தப் போறான்.

நான் சொன்னேன், அங்க ரெண்டு பாம்பு இருந்துச்சு, முன்னாடி இருந்தது கண்கொத்தி, பின்னாடி ஒளிஞ்சிருந்தது விரியன்னு. யாரும் மறுத்துப் பேசலை. பூபதியே, "அக்கா என்ன பண்ணும், அது கண்ணுல பட்டதைச் சொல்லுச்சு"ன்னுட்டான். நானும் அப்படித்தான்னு நம்பிட்டேன். ரெண்டு பாம்பு ஒரே கொடியில இருக்கக் கூடாதுன்னு சட்டமா இருக்குது?

இந்த வருசம் பொங்கல் கழிஞ்சு ரமேஷ்குமார் எங்க ஊட்டுக்கு வந்தான். எங்க ஊட்டுக்காரருக்குத் தூரத்து மருமகன் மொறை, என்னை அத்தேன்னுதான் கூப்புடுவான். ஏழு வருசமா என் பார்வையிலதான் மரம் ஏறினான். நல்ல பையன் மேடம், அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது. வர்றப்ப ஒரு சீப்பு மலைப்பழம் கொண்டாந்தான். நான் களி கிண்டி, கீரை கடைஞ்சு போட்டேன். சாப்புட்டுக் கையக் கழுவிட்டு, போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினான். பூபதி மேல நிக்கறப்ப அடுத்த மரத்துல இருந்து இவன் வெளையாட்டுக்கு எடுத்தது, பாம்பை ரொம்ப நாளு கழிச்சுத்தான் கவனிச்சிருக்கறான். அதுல துண்டைக் கண்ணு மேல இழுத்துக்கிட்டு பூபதி நிக்கறான். கைக்குப் பக்கத்துல பாம்பு. அதைப் பெருசு பண்ணிக் காட்டினான். தலை அகலம், கழுத்து சின்னது. ஒரே பாம்பு. வேற பாம்பே இல்லை.

"அத்தே, நான் யாருக்கும் காட்டலை. கலைமணிக்குக்கூடக் காட்டலை. உங்களுக்குக் கண்ணுல பொரை விழுந்திருக்கும். செம்மேட்டுல முகாம் போடறாங்க, நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஆபரேசன் பண்ணிக் கண்ணு தெளியற வரைக்கும் கலைமணி உங்க கூட வந்து நிக்கட்டும். அவளும் பாத்துச் சொல்லுவா. ரெண்டு பேரு பாத்தா ஒண்ணுக்கு ரெண்டாச்சு"ன்னான்.

எவ்வளவு பதமாச் சொன்னான் பாருங்க. என் மனசு நோகக் கூடாதுன்னு ஒவ்வொரு வார்த்தையும் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டான். வேற ஒருத்தனா இருந்தா ஊர் நடுவுல வெச்சுக் கத்தியிருப்பான். நானும், "சரி சாமி, நீ சொன்னா சரிதான்"ன்னேன். பழம் நல்லாப் பழுத்திருந்துச்சு, அதைச் சொன்னேன். சந்தோசமாப் போயிட்டான்.

அன்னைக்கெல்லாம் எனக்குக் கோவமே வரலைங்க. யோசிச்சேன், அவ்வளவுதான். என் பக்கத்துல அட்டையக் கையில வெச்சுக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு நிப்பா. நான் ஒண்ணு சொல்லுவேன். மேல இருக்கறவன் கையை அந்தரத்துல நிறுத்திட்டு, அவ வாயைப் பாப்பான். அப்புறம் மொதப் புடி மிளகை யாரு மடியில போடறதுன்னு தோட்டக்காரரு ஒரு நிமிசம் முழிப்பாரு. என்னால அந்த ஒரு நிமிசத்தை நெனச்சுப் பாக்க முடியலை. எனக்குத் தோணுச்சு, இது ரமேஷ் ஒருத்தனுக்குத்தான் தெரியும், போட்டோவும் அவன் போன்லதான் இருக்குது, அவனும் யாருக்கும் சொல்ல மாட்டான். அப்ப அவன் ஒருத்தன் இல்லைன்னா எல்லாம் பழையபடி இருக்கும்.

வேல்முருகன் தோட்டம்னு ஒண்ணு இருக்குது, ஓடைக்கரையில. அங்க ஒரு சில்வர் ஓக் பள்ளத்துல நிக்குது, அதை ஒட்டி மேட்டுல ஒரு பாறை. பாறை மேல ஏறி நின்னா மரத்தோட இருபதடி உசரம் நம்ம மூஞ்சிக்கு நேரா வரும். பறிப்புக்கு முந்தி நான் எப்பவும் தோட்டத்தை ஒரு சுத்து சுத்தி வருவேன். அப்பத்தான் அதைப் பாத்தேன். கெளைக் கவட்டையில சுருண்டிருந்துச்சு. எனக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு முழம் இருக்கும். கண்ணுல கருமணி நெட்டுக்குத்தா நின்னுச்சு, அதுவரைக்கும் பாத்தேன். நல்ல வளர்ந்த விரியன், பளபளன்னு அழகா இருந்துச்சு.

மறுநாளும் போய்ப் பாத்தேன். அங்கயே இருந்துச்சு. அதுக்கு மறுநாளும் இருந்துச்சு. நான் கொண்டு போன சோளப்பொரியத் தின்னுக்கிட்டே ஒக்காந்து பாத்தேன். நம்ம வேலையா வந்துட்டு நம்மளை மொறைக்காம கெடக்குதேன்னு அது மேல ஒரு பிரியமே வந்துடுச்சு. ஆடு மேய்க்கற ராசம்மாள் அந்தப் பக்கம் வந்து, "பாறை மேல என்னடி பண்ற?"ன்னு கேட்டா. "மிளகு செவந்திருக்குதான்னு பாக்கறேன்"னேன். மூணு நாளும் என்னைப் பாத்தா அவ.

அதுக்கு அடுத்த நாளு பறிப்பு. கலைமணிக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருந்தாங்க, ஏழாம் மாசம். அது தெரிஞ்சுதான் வேல்முருகன் தோட்டத்தை அன்னைக்கு வெச்சேன். கீழ பொன்னம்மாளும் மத்தவங்களும் உதுந்த மிளகு பொறுக்கிட்டு இருந்தாங்க. ஒரு பத்துப் பேரு இருப்பாங்க. யாரு எந்த மரம்னு பிரிச்சுக் குடுத்தேன். "ரமேஷு, நீ ஓடைக்கரை மரத்துல ஏறு சாமி, அதுலதான் காய் ஜாஸ்தி"ன்னேன். "சரிங்கத்தே"ன்னு மூங்கிலைத் தோளுல போட்டுக்கிட்டுப் போனான். நானும் கூடப் போனேன். வழியில கலைமணிக்கு மாங்கா ஆசை வந்திருக்குதுன்னும், மாசியில மாங்காவுக்கு எங்க போறதுன்னும் சொல்லிச் சிரிச்சான். நெல்லிக்கா பறிச்சுக் குடு, அதுவும் புளிப்பாத்தான் இருக்கும்னு சொன்னேன்.

அவன் ஏறிக் கவட்டைக்கு ஒரு முழம் கீழ வந்ததும் "கண்கொத்தி"ன்னேன்.

அவன் கை தானாவே போய்த் துண்டை இழுத்துச்சு. ஏழு வருசப் பழக்கம், நெனச்சுச் செய்யறதில்லை. கண்ணை மூடினான். அப்புறந்தான் போல, அவனுக்கு என் கண்ணைப் பத்தின நெனப்பு வந்துச்சு. கையை நீட்டாம நின்னான். "அத்தே, நல்லாப் பாத்தீங்களா?"ன்னு கேட்டான். சத்தமாக் கேக்கலை. எனக்கு மட்டும் கேக்கற மாதிரிதான் கேட்டான். கீழ பத்துப் பேரு இருந்தாங்கல்ல, அவங்க முன்னாடி என் சொல்லைத் தட்டினா எனக்குத் தலைகுனிவுன்னு நெனச்சிருப்பான். அவன் அப்படிப்பட்ட பையன்.

"பாத்துட்டேன் சாமி. கண்ணைத் தெறக்காம நல்லா ஆட்டி விடு"ன்னேன்.

கையை நீட்டினான்.

விழுந்தது பாறைச் சரிவுல. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகலை. அவன் போனும் நொறுங்கிப் போச்சு. நான் மாருல அடிச்சுக்கிட்டு அழுதேன், அது நெசமான அழுகைதான். வேணும்னா பொன்னம்மாளைக் கேட்டுப் பாருங்க.

நான் போட்ட கணக்கு என்னன்னா, பாம்பு கடிச்சுட்டுக் கொடிக்குள்ள போயிடும், துண்டு கண்ணுல இருக்குது, கால் தவறி விழுந்துட்டான்னு ஊரு நெனச்சுக்கும். ஆனா அவன் கொடியக் கையோட புடிச்சுக்கிட்டே வந்துட்டான். கொடியும் பாம்பும் அவன் மேலயே வந்து விழுந்துச்சு. பத்துப் பேரும் பாத்தாங்க. நான் கண்கொத்தின்னு சொன்னதையும் பத்துப் பேரும் கேட்டாங்க. விரியனை அங்கயே அடிச்சுப் போட்டுட்டாங்க. பாரஸ்ட்காரரு வந்து பாத்துட்டு, விரியன்தான்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நான் நெனச்சதே இல்லைங்க மேடம். யாராவது ஒருத்தர் என்னைத் திட்டியிருந்தாப் பரவாயில்லை. ஒருத்தரும் திட்டலை. சாவு ஊட்டுல எனக்குத் தனியாத் தண்ணி மோந்து குடுத்தாங்க. "வயசாச்சு, கண்ணு மங்கிடுச்சு, பாவம் அது என்ன பண்ணும்"னு என் காதுபடப் பேசினாங்க. வேல்முருகன் எங்க ஊட்டுக்கு வந்து, "அக்கா, இனி நீங்க செரமப்பட வேண்டாம். மொதப் புடி மிளகு உங்களுக்கு எப்பவும் போல வந்துடும்"னான். பிச்சை போடற மாதிரி. பூபதி அந்த மடங்கின கையோட வந்து, "அக்கா, அன்னைக்கும் ஒரே பாம்புதானோ என்னவோ, விடுங்க"ன்னான். அவன் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

நேத்து கலைமணி வந்தா. வயித்தைத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு மேடு ஏறி வந்திருக்கறா. என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தா. "நீங்க வேணும்னா சொன்னீங்க அத்தே? கண்ணு தெரியாமச் சொன்னீங்க. எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லை. நாளைக்கழிச்சு முகாமு இருக்குது, அவரு உங்க பேரை எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காரு, நான் கூட்டிட்டுப் போறேன்"னு சொன்னா. சொல்லிட்டு அழுதா. நான் அவ தலையைத் தடவிக் குடுத்தேன். தடவிக்கிட்டே, நாளைக்கு மொத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு முழத்துல நின்னு மூணு நாளு பாத்த பாம்பை எனக்குத் தெரியலைங்கறா. கொலைகாரின்னு சொல்லட்டும் மேடம், கேட்டுக்கறேன். விரியனுக்கும் கண்கொத்திக்கும் வித்தியாசம் தெரியாதவன்னு சொல்றதை எப்படிக் கேட்டுக்கிட்டு இருக்கறது?

நீங்க நம்பலைன்னு உங்க மூஞ்சியிலயே தெரியுது. துக்கத்துல பெனாத்தறேன்னு நெனக்கறீங்க. ராசம்மாளுக்குப் போன் போட்டுக் கேளுங்க, நம்பரு தாரேன். மூணு நாளு நான் பாறை மேல ஒக்காந்திருந்தேனா இல்லையான்னு கேளுங்க. பறிப்புக்கு யாரு தோட்டத்தை முடிவு பண்ணினதுன்னு வேல்முருகனைக் கேளுங்க. கேளுங்க கண்ணு, நான் இருக்கறேன், எங்கயும் போகலை.

கேட்டுட்டீங்களா? இப்பத்தான் நேரா ஒக்காந்து என்னைப் பாக்கறீங்க. இப்படிப் பாத்தா எனக்கு நல்லா இருக்குது.

ஏட்டையா, எழுதினதை ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க. ம். ம். சரி. அந்த எடத்தை மறுபடி படிங்க. "சென்ற ஆண்டு பூபதி என்பவரிடம் தவறுதலாகக் கூறியதை மறைக்கும் பொருட்டு." அதுல அந்தத் 'தவறுதலாக'வ மட்டும் அடிச்சுடுங்க. தவறுதலா எல்லாம் இல்லை. முப்பத்தொரு வருசத்துல நான் ஒரு பாம்பைக்கூட மாத்திப் பாத்ததில்லை. பூபதிக்கும் விரியன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க. அதுக்கு எத்தனை வருசம் கூடப் போட்டாலும் போட்டுக்குங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

பூபதி மேல எனக்கு என்ன கோவம்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். பூபதி எனக்கு வெறகு பொளந்து குடுத்த பையன், ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்லை. இருந்தாலும் ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும் மேடம். சித்த இருங்க, யோசிச்சுச் சொல்றேன்.